பிஎம்சி அட்மின் பாஸ்வேர்ட் தொலைந்துவிட்டால்: ஐலோ, ஐடிராக், சூப்பர்மைக்ரோ சர்வர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் பிஎம்சி கன்ட்ரோலருக்கு, அதாவது ஐலோவுக்கோ ஐடிராக்குக்கோ உரிய அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் யாரிடமும் இல்லை. முன்பு பார்த்துக்கொண்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், எக்செல் ஷீட்டில் இருப்பது பழைய பாஸ்வேர்ட், அல்லது சர்வரே கைமாறி வந்தது. இந்த நிலையில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கட்டளை தெரியாமல் சிக்கிக்கொள்வது குறைவு. கட்டளைகள் தேடினால் கிடைத்துவிடும். வரிசையை மாற்றிச் செய்துதான் சிக்கிக்கொள்கிறார்கள். எடுத்தவுடன் ஃபேக்டரி ரீசெட் செய்கிறார்கள். பாஸ்வேர்ட் சரியாகிவிடும், ஆனால் ஐபி முகவரி போய்விடும், லைசென்ஸ் போய்விடும், சில சமயம் கிளஸ்டரும் நட்டாற்றில் நிற்கும். ஆகவே என் முறை இதுதான்: பழைய கணக்கை முதலில் தொடாதீர்கள். உள்ளே இருந்து, காலியாக இருக்கும் ஓர் இடத்தில் புதிய அட்மின் கணக்கை உருவாக்குங்கள். அதன் வழியாக நுழைந்து எல்லாவற்றையும் பார்த்த பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டை மாற்றலாம். ரீசெட் கடைசி வழி.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். லினக்ஸ் கட்டளைகள் எல்லாம் சிற்றெழுத்தில்தான்.

1. எந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

ஒரு சர்வரில் குறைந்தது மூன்று பாஸ்வேர்டுகள் உண்டு. லினக்ஸ் அல்லது விண்டோஸுக்கானது ஒன்று, பயாஸ் செட்டப்புக்கானது ஒன்று, மேலாண்மைக் கன்ட்ரோலருக்கானது ஒன்று. "சர்வர் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்தத் திரையில் கேட்கிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். பாதி நேரம் அதிலேயே மிச்சமாகும்.

மேலாண்மைக் கன்ட்ரோலர் என்பது மதர்போர்டில் தனியாக ஓடும் ஒரு குட்டிக் கணினி. பொதுப்பெயர் பிஎம்சி. ஹெச்பிஇ அதை ஐலோ என்கிறது, டெல் ஐடிராக் என்கிறது, லெனோவோ எக்ஸ்சிசி என்கிறது, சிஸ்கோ சிஐஎம்சி என்கிறது. சூப்பர்மைக்ரோவில் இருப்பதை எல்லோரும் "ஐபிஎம்ஐ" என்றே சொல்கிறார்கள்; உண்மையில் அது பிஎம்சியோடு பேசுவதற்கான பொது நெறிமுறையின் பெயர்.

இந்தக் குட்டிக் கணினிக்குத் தனி ஃபிளாஷ் நினைவகம் உண்டு. பாஸ்வேர்ட் இருப்பது அங்கேதான். எனவே சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டால் பயாஸ் நேரமும் அமைப்பும்தான் கலையும், பிஎம்சி பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். சர்வரை ரீபூட் செய்தாலும் பயனில்லை. பவர் கேபிள் செருகியிருக்கும்வரை பிஎம்சி ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டெல் சர்வரின் முன்பக்கத்தில் இருக்கும் "ஐ" பட்டனை 15 விநாடிக்கு மேல் அழுத்தினால் பாஸ்வேர்ட் அழியும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது ஐடிராக்கை மறுபடி தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். அமைப்புகளும் பாஸ்வேர்டும் மாறாது. ஐடிராக் உறைந்துபோனால் உதவும் பட்டன் அது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. சர்வர் யாருடையதோ அவரிடமிருந்து எழுத்தில் ஒரு மெயில் வாங்குங்கள். பிஎம்சி அட்மின் உரிமை கிடைத்தால் சர்வரை அணைக்கலாம், டிஸ்கைத் துடைக்கலாம். பிறகு கேள்வி வரும்போது "சொன்னார்கள், செய்தேன்" என்பது போதாது.

அடுத்து, மாடலும் தலைமுறையும். ஐலோ 4-க்கும் ஐலோ 5-க்கும் வழிகள் வேறுபடுகின்றன. டெல்லிலும் 14-ஆம் தலைமுறைக்கு முன், பின் என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸில் "டிஎம்ஐடிகோட்" கட்டளை மாடலைச் சொல்லிவிடும்.

அப்புறம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ரூட் அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர் அணுகல். இது இருந்தால் வேலையில் முக்கால்வாசி சர்வரை நிறுத்தாமலேயே முடியும். இல்லையென்றால் நேரே 8-ஆம் பகுதிக்குப் போங்கள். அங்கே சர்வரை நிறுத்த வேண்டிவரும், பராமரிப்பு நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது: இந்தப் பாஸ்வேர்டை வேறு எந்த மென்பொருள் பயன்படுத்துகிறது என்ற பட்டியல். கண்காணிப்பு மென்பொருள், ஒன்வியூ (ஹெச்பிஇ), ஓபன்மேனேஜ் (டெல்), விசென்டர் (விஎம்வேர்) போன்ற நிர்வாக மென்பொருள்கள் எல்லாவற்றையும் பாருங்கள். இவற்றைவிட முக்கியம் கிளஸ்டர் ஃபென்சிங். பேஸ்மேக்கர் போன்ற கிளஸ்டர்களில், தொங்கிப்போன ஒரு நோடை மற்றொன்று பிஎம்சி வழியாகத்தான் அணைக்கிறது. அதற்கான பாஸ்வேர்ட் கிளஸ்டர் கன்ஃபிகில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிய அன்று எதுவும் நடக்காது. ஒரு நோடு விழும் நாளில் ஃபென்சிங் தோற்று, சர்வீஸ் அடுத்த நோடுக்கு நகராமல் நிற்கும். இதற்கு ஓர் எதிர்ப்பயனும் உண்டு: தொலைந்துவிட்டதாக நினைத்த பாஸ்வேர்ட் அந்தக் கன்ஃபிக் ஃபைலிலேயே கிடைப்பதுண்டு.

3. எதையும் மாற்றாமல் நுழைய முடியுமா என்று பாருங்கள்

ஆக்டிவ் டைரக்டரி அல்லது எல்டாப் இணைப்பு இருந்தால், உங்கள் சொந்தக் கணக்கிலேயே பிஎம்சிக்குள் நுழைந்து உள்ளூர் அட்மினின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். ஹெச்பிஇ ஒன்வியூ நிர்வகிக்கும் சர்வர் என்றால், ஒன்வியூவுக்குள் இருந்தே ஐலோவைத் திறக்கலாம். ஐலோ பாஸ்வேர்ட் கேட்காது.

அடுத்து டேக். ஹெச்பிஇ புரோலயன்ட் சர்வர்களின் சேசிஸில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதில் "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற பயனர் பெயரும் அந்த சர்வருக்கென்றே தரப்பட்ட பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். டெல்லில் பழைய சர்வர்கள் ரூட், கால்வின் என்ற ஜோடியுடன் வந்தன. 14-ஆம் தலைமுறையிலிருந்து, வாங்கும்போது அப்படித் தேர்ந்தெடுத்திருந்தால், தனிப் பாஸ்வேர்ட் தகவல் பட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். சூப்பர்மைக்ரோவில் முன்பு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே சொல்தான், பேரெழுத்தில் அட்மின். கலிஃபோர்னியாவின் எஸ்பி-327 சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததையொட்டி, ஒவ்வொரு போர்டுக்கும் தனிப் பாஸ்வேர்ட் தரத் தொடங்கினார்கள். அது போர்டில் ஒட்டிய லேபிளில் இருக்கும்.

லெனோவோவில் யூசர்ஐடி, பாஸ்வேர்ட் என்ற இரண்டும் பேரெழுத்தில். பாஸ்வேர்ட் என்ற சொல்லில் "ஓ" எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.

சர்வர் டேட்டா சென்டரில் இருந்தால், அங்கே இருப்பவரிடம் டேக்கைப் படித்துச் சொல்லச் சொல்லாதீர்கள், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூஜ்யமும் ஓவும், ஒன்றும் ஐயும் போனில் கண்டிப்பாகக் குழம்பும். மதர்போர்டு எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் பழைய டேக்கை நம்ப வேண்டாம். பாஸ்வேர்ட் போர்டோடு போகும், சேசிஸோடு அல்ல.

ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். தவறான முயற்சிகள் கூடினால் பிஎம்சி உங்கள் ஐபியைச் சிறிது நேரம் தடுத்துவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் நுழைய முடியாமல், "இதுவும் தப்பு" என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

4. லினக்ஸுக்குள் இருந்து: ஐபிஎம்ஐடூல்

பெரும்பாலான வேலை முடிவது இங்கேதான். சர்வருக்குள் ரூட்டாக இருப்பவரை பிஎம்சி நம்புகிறது. உள்ளிருந்து, கேசிஎஸ் என்ற வாசல் வழியாக வரும் கட்டளைகளுக்கு அது பாஸ்வேர்ட் கேட்பதில்லை. ரூட் கையில் இருப்பவர் எப்படியும் அந்த சர்வரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற கணக்கு.

முதலில் ஐபிஎம்ஐடூல் பொதியை நிறுவுங்கள். அப்புறம் இரண்டு கர்னல் மாட்யூல்களை ஏற்றுங்கள்:

மோட்புரோப் ஐபிஎம்ஐ_எஸ்ஐ
மோட்புரோப் ஐபிஎம்ஐ_டெவ்இன்டிஎஃப்

இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் டெவ் அடைவில் "ஐபிஎம்ஐ0" உருவாகாது, சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று டூல் கைவிரிக்கும். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து முயன்றாலும் இதே பிழைதான் வரும். நேரடி ஹார்ட்வேரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் இதைச் செய்ய முடியும்.

இப்போது பிஎம்சி பேசுகிறதா என்று பாருங்கள்:

ஐபிஎம்ஐடூல் எம்சி இன்ஃபோ

பதில் வந்தால் சேனல் எண்ணைக் கண்டுபிடியுங்கள்:

ஐபிஎம்ஐடூல் லேன் பிரின்ட் 1

உங்கள் பிஎம்சியின் ஐபி முகவரி திரையில் வந்தால் சேனல் 1 சரி. சில ஐலோக்களில் அது 2. தவறான சேனலில் உரிமை கொடுத்தால் கட்டளை வெற்றி என்றே காட்டலாம், ஆனால் வெளியிலிருந்து நுழைய முடியாது. இந்தத் திரையை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். ஐபி, சப்நெட், கேட்வே, விலேன் எல்லாம் இதில் இருக்கின்றன. பின்னால் ரீசெட் வரை போக நேர்ந்தால் இதுதான் கைகொடுக்கும்.

அடுத்து பயனர் பட்டியல்:

ஐபிஎம்ஐடூல் யூசர் லிஸ்ட் 1

இடதுபக்கம் எண், அடுத்து பெயர், வலதுகோடியில் உரிமை நிலை. முதல் வரி பெரும்பாலும் பெயரில்லாமல் இருக்கும். ஐபிஎம்ஐ வரையறையில் பயனர் எண் 1 பெயரற்ற கணக்கு. அதைத் தொட வேண்டாம். டெல்லின் ரூட்டும் சூப்பர்மைக்ரோவின் அட்மினும் வழக்கமாக எண் 2. மற்ற நிறுவனங்களில் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எல்லாவற்றிலும் 2 என்று வைத்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் இல்லாமல் காலியாக இருக்கும் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 4 என்று வைத்துக்கொள்வோம். இப்போது வரிசையாக:

ஐபிஎம்ஐடூல் யூசர் செட் நேம் 4 மீட்பு
ஐபிஎம்ஐடூல் யூசர் செட் பாஸ்வேர்ட் 4
ஐபிஎம்ஐடூல் சேனல் செட்ஆக்செஸ் 1 4 லிங்க்=ஆன் ஐபிஎம்ஐ=ஆன் காலின்=ஆன் பிரிவிலேஜ்=4
ஐபிஎம்ஐடூல் யூசர் எனேபிள் 4

"மீட்பு" இருக்கும் இடத்தில் நீங்கள் விரும்பும் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். பிரிவிலேஜ் 4 என்பது அட்மினிஸ்ட்ரேட்டர் நிலை. அது பயனர் எண்ணும் 4 ஆக இருப்பதோடு குழம்ப வேண்டாம். நீங்கள் 5-ஆவது இடத்தை எடுத்தாலும் பிரிவிலேஜ் 4 தான்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை இயக்க சில பிஎம்சிகள் மறுக்கும். அதனால் எனேபிள் கடைசி. செட்ஆக்செஸ் வரியை விட்டுவிட்டால் கணக்கு இருக்கும், பாஸ்வேர்ட் சரியாக இருக்கும், ஆனால் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. புதியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே எழுதாமல், எண்ணோடு நிறுத்தி என்டர் தட்டினால் டூல் தானே கேட்கும். அப்படிச் செய்வதற்கு இரண்டு காரணங்கள். கட்டளையில் எழுதினால் அது ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். மேலும், பாஸ்வேர்டில் ஆச்சரியக்குறியோ டாலர் குறியோ இருந்தால் பாஷ் அதைத் தன் பாணியில் படித்து வேறொன்றாக மாற்றி அனுப்பும். நீங்கள் நினைத்த பாஸ்வேர்ட் ஒன்று, பிஎம்சியில் ஏறியது வேறொன்று.

நீளமும் முக்கியம். ஐபிஎம்ஐ 1.5-இல் பாஸ்வேர்டுக்கு 16 பைட், 2.0-இல் 20 பைட். வெப் பக்கம் இதைவிட நீளமானதை ஏற்றாலும் ஐபிஎம்ஐ ஏற்காது. எனவே தற்காலிகப் பாஸ்வேர்டை எழுத்தும் எண்ணும் கலந்து சரியாக 16-க்குள் வையுங்கள், குறியீடுகள் வேண்டாம். உள்ளே போனதும் நீளமானதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஏறிவிட்டதா என்று உடனே சோதியுங்கள்:

ஐபிஎம்ஐடூல் யூசர் டெஸ்ட் 4 16

பாஸ்வேர்ட் கேட்கும், போட்டதும் வெற்றி என்று வந்தால் பிஎம்சி அதைச் சேமித்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தும் வெப் பக்கம் மட்டும் மறுத்தால், பிஎம்சியை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள்:

ஐபிஎம்ஐடூல் எம்சி ரீசெட் கோல்ட்

சர்வர் நிற்காது. ஃபேன்கள் சில நிமிடம் முழு வேகத்தில் இரையலாம், பயப்பட வேண்டாம். இங்கே ரீசெட் என்றால் மறுதொடக்கம்தான், அமைப்புகள் அழியாது. ஆனால் இதே சொல்லுக்கு அடுத்த இரண்டு பகுதிகளில் வேறு பொருள் வரும், கவனம்.

5. டெல் என்றால் ராக்அட்ம்

ஐபிஎம்ஐடூல் உருவாக்கிய கணக்குக்கு ஐடிராக்கின் வெப் பக்க உரிமைகள் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். ஐபிஎம்ஐ உரிமையும் ஐடிராக் உரிமையும் தனித்தனியாக வைக்கப்பட்டிருப்பதே காரணம். அதனால் டெல்லில் அதன் சொந்தக் கருவியான ராக்அட்மைப் பயன்படுத்துவது நல்லது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஐடிராக் டூல்ஸ் என்ற பொதியில் கிடைக்கும்.

ராக்அட்ம் கெட் ஐடிராக்.யூசர்ஸ்.4 என்று பார்த்து, காலி என்று உறுதியான பிறகு, "செட்" கட்டளையால் யூசர்நேம், பாஸ்வேர்ட், பிரிவிலேஜ், எனேபிள் ஆகிய நான்கையும் இதே வரிசையில் அமையுங்கள். பிரிவிலேஜின் மதிப்பு 0எக்ஸ்1எஃப்எஃப்; அது எல்லா உரிமைகளையும் தரும். எனேபிளின் மதிப்பு 1. பழைய ஐடிராக்குகளில் "செட்" இல்லாமல் "கன்ஃபிக்" என்ற கட்டளையும் சிஎஃப்ஜியூசர்அட்மின் என்ற குழுப் பெயரும் வரும்.

மாற்ற அனுமதியில்லை என்று பதில் வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஐடிராக் 9-இன் லாக்டவுன் மோட். மற்றொன்று, உள்ளூர் ராக்அட்ம் வழியாக மாற்றுவதையே தடை செய்யும் லோக்கல்செக்யூரிட்டி அமைப்பு. இரண்டையும் யாரோ யோசித்துத்தான் போட்டிருப்பார்கள், எனவே பாதுகாப்புக் குழுவிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

ராக்ரீசெட், ராக்ரீசெட்சிஎஃப்ஜி என்று இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது மறுதொடக்கம். இரண்டாவது எல்லா அமைப்பையும் துடைத்துவிடும். மூன்று ஆங்கில எழுத்து வித்தியாசத்தில் ஒரு மாலை நேரமே போய்விடும்.

6. ஹெச்பிஇ என்றால் ஹெச்பிஆன்சிஎஃப்ஜி

இந்தக் கருவி ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலை வாங்கி ஐலோவுக்கு அனுப்புகிறது. லினக்ஸில் ஹெச்பிஐலோ என்ற கர்னல் மாட்யூல் ஏறியிருக்க வேண்டும். விண்டோஸில் ஐலோ சேனல் இன்டர்ஃபேஸ் டிரைவர் வேண்டும். ஹெச்பிஇயின் சொந்த இமேஜிலிருந்து நிறுவிய பழைய ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்புகளில் இந்தக் கருவி உள்ளேயே இருக்கும், ஆப்ட் அடைவில் தேடிப் பாருங்கள்.

முதல் வேலை, இருப்பதைப் படியெடுப்பது. "ஹெச்பிஆன்சிஎஃப்ஜி -டபிள்யூ" என்று ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்தால் தற்போதைய அமைப்பை எழுதித் தரும். பாஸ்வேர்ட் அதில் வராது. பயனர் பெயர்களும் நெட்வொர்க் விவரமும் வரும். நமக்கு அதுதான் வேண்டும்.

பிறகு புதிய பயனருக்கான ஃபைல். அடுக்கு இப்படி இருக்கும்: வெளியே ரிபிசிஎல், அதற்குள் லாகின், அதற்குள் ரைட் மோடில் யூசர்_இன்ஃபோ, அதற்குள் ஆட்_யூசர். ஏற்கெனவே இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவதானால் ஆட்_யூசருக்குப் பதில் மாட்_யூசர். ஹெச்பிஇ தரும் மாதிரி ஸ்கிரிப்டுகளில் இரண்டும் இருக்கின்றன. அதை எடுத்துத் திருத்துவது, கையால் புதிதாக எழுதுவதைவிடப் பிழை குறைவு.

லாகின் வரியில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டிருப்பதைப் பார்த்துப் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்: "அது தெரியாமல்தானே வந்தேன்!" கவலை வேண்டாம். உள்ளிருந்து ஓட்டும்போது அந்த வரி இலக்கணத்துக்காக மட்டும்தான், என்ன எழுதினாலும் சரிபார்க்காது. ஐலோ 5-இல் ஹோஸ்ட் அங்கீகாரம் கட்டாயம் என்று யாராவது அமைத்திருந்தால் மட்டும் கேட்கும். அப்போது 8, 9-ஆம் பகுதிகள்தான் வழி.

ஃபைலை "-எஃப்" என்ற தேர்வோடு அனுப்புங்கள். "-ஆர்" பக்கம் போக வேண்டாம். அதன் பெயர் ரீசெட், அது செய்வது ஃபேக்டரி ரீசெட். முடிந்ததும் அந்த எக்ஸ்எம்எல் ஃபைலை அழித்துவிடுங்கள், உள்ளே பாஸ்வேர்ட் வெட்டவெளிச்சமாக இருக்கிறது.

7. சூப்பர்மைக்ரோ

4-ஆம் பகுதியே போதும். ஐபிஎம்ஐடூல் ஓடாத இடத்தில், அதாவது விண்டோஸிலோ யுஈஎஃப்ஐ ஷெல்லிலோ, அவர்களின் ஐபிஎம்ஐசிஎஃப்ஜி கருவி உதவும். "-யூசர் லிஸ்ட்" பட்டியலைக் காட்டும், "-யூசர் செட்பிடபிள்யூடி 2" பாஸ்வேர்டை மாற்றும். "-எஃப்டி" என்பது ஃபேக்டரி டீஃபால்ட். பல பதிவுகளில் முதல் தீர்வாக அதைத்தான் எழுதியிருப்பார்கள். அதை விட்டுத் தள்ளுங்கள்.

8. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளும் போக முடியாவிட்டால்

இங்கிருந்து சர்வரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, பூட் ஆகும்போது செட்டப்புக்குள் போங்கள்.

டெல்லில் எஃப்2, பிறகு ஐடிராக் செட்டிங்ஸ், யூசர் கன்ஃபிகரேஷன். அங்கே ரூட்டின் பாஸ்வேர்டை நேரடியாக மாற்றலாம். ஹெச்பிஇ ஜென்10-இல் எஃப்9, சிஸ்டம் கன்ஃபிகரேஷன், பிஎம்சி கன்ஃபிகரேஷன் யூடிலிட்டி, யூசர் மேனேஜ்மென்ட். சிஸ்கோவில் எஃப்8 தட்டினால் சிஐஎம்சி திரை, அதிலேயே அட்மின் பாஸ்வேர்ட் கட்டம் இருக்கும். லெனோவோவில் எஃப்1, பிஎம்சி செட்டிங்ஸ். சூப்பர்மைக்ரோவின் பயாஸில் பெரும்பாலும் நெட்வொர்க் அமைப்பு மட்டுமே இருக்கும், பாஸ்வேர்ட் மாற்ற இடமிருக்காது.

மாற்றிவிட்டு எஸ்கேப் தட்டி வெளியேறும்போது சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் அதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு வருவது சகஜம். இன்னொன்று, இந்தத் திரைகள் அமெரிக்க கீபோர்ட் அமைப்பையே எதிர்பார்க்கும். வேறு நாட்டு லேயவுட் உள்ள கீபோர்டில் குறியீடுகள் இடம் மாறும். அதனால்தான் தற்காலிகப் பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும் என்றேன்.

பயாஸில் வழியில்லை என்றால் லைவ் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து 4-ஆம் பகுதியைச் செய்யுங்கள். ஐபிஎம்ஐடூல் பொதியை முன்பே பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். டேட்டா சென்டரின் ராக் முன்னால் நின்றுகொண்டு இன்டர்நெட் தேடுவது சுகமான அனுபவம் இல்லை.

9. போர்டில் இருக்கும் சுவிட்ச்

புரோலயன்ட் போர்டில் சிஸ்டம் மெயின்டனன்ஸ் சுவிட்ச் என்று வரிசையாகச் சின்னச் சுவிட்சுகள் இருக்கும். அதில் 1-ஆவது ஐலோ பாதுகாப்பைத் தற்காலிகமாக விலக்கும். சர்வரை அணைத்து, பவர் கேபிள்கள் அனைத்தையும் கழற்றி, மூடியைத் திறந்து, அதை ஆன் நிலைக்குத் தள்ளி, மறுபடி மின்சாரம் கொடுத்தால், ஐலோ பாஸ்வேர்ட் இல்லாமலேயே முழு உரிமையோடு விடும். ஐலோ 5-இல் இது புரொடக்‌ஷன் என்ற பாதுகாப்பு நிலையில் மட்டும் இப்படி நடக்கும். ஹைசெக்யூரிட்டி, ஃபிப்ஸ் நிலைகளில் பாஸ்வேர்ட் கேட்கத்தான் செய்யும்.

சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஆகவே முதலில் மேலாண்மை நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை நேராக ஐலோ போர்ட்டில் மாட்டி வேலையை முடியுங்கள். பிறகு சுவிட்சை ஆஃப் செய்த பின்தான் கேபிள். எண்களை எண்ணும்போது மூடியின் உட்புறம் உள்ள படத்தைப் பாருங்கள். 6-ஆவது சுவிட்ச் பயாஸ் அமைப்புகளைத் துடைப்பது; கை தவறினால் பூட் வரிசை உட்பட எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

டெல் போர்டில் பிடபிள்யூஆர்டி_இஎன் என்று ஒரு ஜம்பர் உண்டு. எஃப்2 திரையே பாஸ்வேர்ட் கேட்டுத் தடுக்கும்போது அது தேவைப்படும்.

10. ஃபேக்டரி ரீசெட், வேறு வழியே இல்லாதபோது

செய்யும் முன் எதெல்லாம் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐலோவில் பயனர்கள், நெட்வொர்க் அமைப்பு, லாக், லைசென்ஸ் எல்லாம் போகும். ஆலையிலேயே போட்டு வந்த லைசென்ஸ் மட்டும் தங்கும். நீங்கள் தனியாக வாங்கிப் போட்ட ஐலோ அட்வான்ஸ்ட் கீ கையில் இல்லையென்றால் ரிமோட் கன்சோல் வசதி போனதுபோலத்தான். கீயைத் தேடி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து ஐபி. பழைய நிலையான முகவரி மறைந்து டிஹெச்சிபிக்குப் போகலாம். டெல் ஐடிராக்கின் ஆலை முகவரி 192.168.0.120. "ரீசெட்டுக்குப் பிறகு பிஎம்சி செத்துவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை, ஐபி மாறியதைக் கவனிக்காதவைதான்.

சூப்பர்மைக்ரோவில் இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. அதன் ஆலை நிலை ஃபெயில்ஓவர். தனி மேலாண்மை போர்ட்டில் கேபிள் இல்லையென்றால், பிஎம்சி சர்வரின் முதல் லேன் போர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த போர்ட் பொது இணையத்தில் இருந்தால் உங்கள் பிஎம்சியும் பொது இணையத்தில் இருக்கும், அதுவும் லேபிளில் உள்ள பாஸ்வேர்டோடு. ரீசெட் செய்ததும் முதல் வேலையாக அதை டெடிகேட்டட் என்று மாற்றுங்கள்.

11. நுழைந்த பிறகு

முதலில் வெளியிலிருந்து, வேறு ஒரு கணினியில், பிரைவேட் விண்டோவில் வெப் பக்கத்தைத் திறந்து புதிய கணக்கில் நுழையுங்கள். பிரௌசர் நினைவில் வைத்த பழைய பாஸ்வேர்டைத் தானாக நிரப்பிக் குழப்பாமல் இருக்கத்தான் பிரைவேட் விண்டோ. ஐபிஎம்ஐடூலின் லேன்பிளஸ் வழியாகச் சோதித்துத் தோற்றால் உடனே பாஸ்வேர்டைச் சந்தேகிக்காதீர்கள். ஐடிராக் 9, ஐலோ 5 போன்றவற்றில் நெட்வொர்க் வழி ஐபிஎம்ஐ ஆலை நிலையிலேயே அணைந்திருக்கும்.

நுழைந்ததும் பயனர் பட்டியலையும் லாகையும் பாருங்கள். பழைய அட்மின் கணக்கில் கடைசியாக எந்த ஐபியிலிருந்து லாகின் ஆகியிருக்கிறது என்பது தெரிந்தால், இன்னும் எந்த மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறது என்பதும் தெரிந்துவிடும். கிளஸ்டர் நோடின் ஐபி அங்கே இருந்தால் ஃபென்சிங் கன்ஃபிகைத் திருத்தும் வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது. ஒன்வியூ தனக்கென்று உருவாக்கிக்கொண்ட கணக்கு இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.

அந்த மென்பொருள்களுக்கெல்லாம் குறைந்த உரிமையோடு தனித்தனிக் கணக்கு கொடுத்து, ஒவ்வொன்றும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, பழைய அட்மினின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஃபென்சிங்கை ஒரு நோடை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும், கன்ஃபிக் சரி என்று கண்ணால் பார்த்தது கணக்கில் வராது.

கடைசியாக, நெட்வொர்க் வழி ஐபிஎம்ஐ பயன்படுத்தும் 623 போர்ட். ஐபிஎம்ஐ 2.0-இன் உள்நுழைவு முறையிலேயே ஒரு குறை உண்டு: பயனர் பெயர் தெரிந்த எவரும் பாஸ்வேர்டின் ஹாஷைக் கேட்டு வாங்கிவிட முடியும். சிவிஇ-2013-4786 என்று பதிவான இது நெறிமுறையின் குறை, ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலும் முழுதாகப் போகாது. நெட்வொர்க் வழி ஐபிஎம்ஐ தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். தேவை என்றால் அந்த போர்ட்டை மேலாண்மை விலேனுக்குள் மட்டும் திறந்து, பாஸ்வேர்டை 20 எழுத்து முழுவதற்கும் தற்செயலாக உருவாக்கி, குழு பயன்படுத்தும் பாஸ்வேர்ட் வால்ட்டில் சர்வரின் சீரியல் எண்ணோடு சேர்த்துப் போடுங்கள். ஹோஸ்ட்நேம் மாறும், சீரியல் எண் மாறாது. மீட்புக்காக 4-ஆவது இடத்தில் உருவாக்கிய கணக்கை அதற்குப் பிறகு நீக்கிவிடலாம்.